அஞ்சல் தங்கும் இடம்

சென்னையிலிருந்து தெற்கு நோக்கி வரும் இருப்புப்பாதை விழுப்புரம் சந்திப்பில் பல கிளைகளாகப் பிரிகின்றது. ஒரு கிளை விருத்தாசலம் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கும், மற்றொன்று கடலூர், மயிலாடுதுறை வழியாகத் தஞ்சைக்கும், வேறொன்று கிழக்கே புதுச்சேரிக்கும், பின்னும் ஒன்று மேற்கே திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கும் செல்லும். ஓடும் வண்டியிலேயே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் பைகளில் இட்டு, அந்தந்த நிலையத்தில் இறக்கிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் இத்தகைய சந்திப்புக்கள் அஞ்சலுக்கு எத்துணை இன்றியமையாதன என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டெண் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. விழுப்புரத்தின் எண் 605602; புதுச்சேரியின் எண் 605001; திண்டிவனத்தின் எண் 604001. முதல் மூன்று இலக்கங்கள் கடிதங்களைப் பிரிக்கும் வட்டாரத்தைக் குறிப்பன. விழுப்புரமும் புதுச்சேரியும் வேறு வேறு அரசின் கீழ் உள்ளவை. ஆயினும் அஞ்சல் துறைக்கு அவ்விரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். விழுப்புரம் மாவட்டத்திலேயே உள்ள திண்டிவனமோ வேறு வீட்டுப் பிள்ளை! அரசியலார் வரையும் எல்லைக்கோடு வேறு; அஞ்சல் நடக்கும் வழி வேறு என்பது இதனால் விளங்கும்.

கடிதம் ஊர் அஞ்சலகத்தை அடைந்த பின்னர் உரியவரிடம் எவ்வாறு சேர்கின்றது? அஞ்சற்காரர் வீடு தேடி வந்து கொடுப்பது யாவரும் அறிந்த முறை. வாணிகர் சிலர் அஞ்சலகத்திலேயே ஒரு பெட்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்வதும் உண்டு. பழைய கடைகளின் கடிதத் தாள்களில் 'தபால் பெட்டி எண்' என்று அச்சிட்டிருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். கடைக் கணக்கர் காலையில் அஞ்சலகத்திற்குச் செல்வார். பெட்டியைத் திறந்து அதில் உள்ளவற்றை எல்லாம் அள்ளிக்கொண்டு கடைக்குத் திரும்புவார். பெட்டி காலியாகிவிடும். அதன் பின்னர் அக்கடிதங்களைக் காக்கும் பொறுப்பு முழுதும் கடைக்காரருடையதே. அஞ்சலகத்திற்கு அவற்றைப் பற்றிய நினைவு சிறிதும் இராது.

இனி, சார்பதிவாளர் அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். நிலம் வாங்கியவர் பத்திரத்தைப் பதிவு செய்கின்றார். பத்திரத்தின் படி அலுவலகத்துப் புத்தகத்தில் நிலையாகத் தங்குகின்றது. அண்ணன் வந்து பார்த்தாலும், தம்பி வந்து பார்த்தாலும், கடன் கொடுக்கும் வங்கியார் வந்து பார்த்தாலும், அனைவரும் காண்பது அந்த ஒரே பதிவைத்தான். வேண்டியவர் நகல் பெற்றுச் செல்லலாம். புத்தகத்தை எவரும் வீட்டிற்கு எடுத்துச் செல்லுதல் இயலாது.

காகிதம் இல்லாத மின்னஞ்சலிலும் இவ்விரண்டு முறைகள் உள்ளன. முன்னதற்குப் 'பாப்' என்பது பெயர். பின்னதற்கு 'ஐமேப்' என்பது பெயர். தமக்கென ஓர் அஞ்சல் சேவையகம் வைத்துக்கொள்ளும் சிறு வாணிகர் எவரும் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியவராகின்றார். அந்தத் தேர்வு எதனைப் பொறுத்தது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

திண்டிவனத்தில் மணிலா எண்ணெய் வாணிகம் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். நிலக்கடலையைத்தான் இப்பகுதி மக்கள் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் வழங்குகின்றனர். இவ்வூரில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கின்றது. அங்கு உருவான கடலை, எள் வகைகளின் பெயர்களில் வரும் 'டி.எம்.வி.' என்னும் எழுத்துக்கள் திண்டிவனத்தையே குறிப்பன. ஆதலின், இவ்வூர் வாணிகத்திற்கு மணிலாவை எடுத்துக்கொள்வது பொருத்தமே.

நம் நிறுவனத்தில் ஐவர் கடிதம் பார்ப்பவர். முதலாளி ஒருவர், புதுச்சேரிக் கடையை நடத்தும் அவர் தம்பி ஒருவர், கணக்கர் ஒருவர், ஆணைகளைக் குறித்துக்கொள்ளும் எழுத்தர் ஒருவர், 'கமிட்டி' என்று மக்கள் கூறும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்குச் சென்று சரக்கு வாங்குபவர் ஒருவர். இவர் ஒருநாள் விழுப்புரத்தில் இருப்பார். மறுநாள் செஞ்சியில் இருப்பார். இவர் கையில் இருப்பது கைப்பேசி மட்டுமே. எண்ணெய் வேண்டுவோர் அனுப்பும் ஆணைகள், ஆய்வகத்தார் அனுப்பும் தர அறிக்கைகள், சரக்குப் பட்டியல்கள், வங்கிக் கணக்குகள் ஆகிய யாவும் இன்று மின்னஞ்சலிலேயே வருகின்றன. பெரிய நிறுவனங்கள் இலவசமாக வழங்கும் அஞ்சற்பெட்டிகளைக் கொண்டே பல கடைகள் காலம் கழிக்கின்றன. நம் வாணிகரோ தம் கடையின் பெயராலேயே முகவரி அமைய வேண்டும் என்று விரும்பிச் சிறு சேவையகம் ஒன்றை அமைத்துக்கொண்டார் எனக் கொள்வோம்.

சேவையகம் என்பது இரவும் பகலும் விழித்திருக்கும் ஒரு கணினி. வெளியிலிருந்து வரும் மடல்களை ஏற்று, அவரவர் பெட்டியில் இட்டு வைப்பது அதன் வேலை. கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்குப் பொதுவான ஒழுங்கு ஒன்று வேண்டும். யார் முதலில் பேசுவது, எந்தச் சொல்லால் கேட்பது, எந்தச் சொல்லால் விடையிறுப்பது என்பனவற்றை வரையறுக்கும் அவ்வொழுங்கிற்கு நெறிமுறை என்று பெயர்.

1971ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் ரே டாம்லின்சன் என்னும் பொறியாளர், ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பின் வழியாக முதன்முதல் மடல் அனுப்பினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட 'அட்' என்னும் குறியை இடையில் இட்டவரும் அவரே. 1982இல் ஜான் போஸ்டல் என்பவர் மடல் அனுப்பும் நெறிமுறையை வரைந்தார். 'எஸ்.எம்.டி.பி.' எனப்படும் அந்நெறிமுறை, பிற்காலத் திருத்தங்களுடன் இன்றும் மடல்களை ஊர்விட்டு ஊர் சுமந்து செல்கின்றது. அதில் நமக்குத் தேர்வு ஏதும் இல்லை. உலகெங்கும் அது ஒன்றே. சேவையகத்தின் வாயிலில் மடலைச் சேர்த்ததும் அதன் வேலை முடிந்துவிடும். அங்கிருந்து மடலை மனிதர் பெறுவது எப்படி என்பதில்தான் வழி இரண்டாகப் பிரிகின்றது.

பாப் என்பது 'போஸ்ட் ஆபீஸ் புரோட்டோகால்' என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களால் ஆன சொல். அஞ்சலக நெறிமுறை என்பது அதன் பொருள். பெயரிட்டோர் அஞ்சலகத்தை நினைந்தே பெயரிட்டனர் என்பது வெளிப்படை. 1984ஆம் ஆண்டு ஜாய்ஸ் ரெய்னால்ட்ஸ் என்னும் அம்மையார் இதன் முதல் வரையறையை வெளியிட்டார். மறு ஆண்டு இரண்டாம் வடிவமும், 1988இல் மூன்றாம் வடிவமும் வந்தன. இம்மூன்றாம் வடிவத்திற்கு 1996இல் எழுதப்பெற்ற வரையறையே இன்றும் வழக்கில் உள்ளது.

பாப் முறையில் கணினியும் சேவையகமும் நடத்தும் உரையாடல் மிகச் சுருக்கமானது. 'நான் இன்னார்' என்று கணினி சொல்லும், கடவுச்சொல்லையும் தரும். 'எத்தனை மடல்கள் உள்ளன?' என்று கேட்கும். 'ஏழு' என்று விடை வரும். முதல் மடலைக் கொடு, இரண்டாம் மடலைக் கொடு என்று ஏழையும் வாங்கிக்கொள்ளும். பின்னர், 'இவற்றை அழித்துவிடு' என்று சொல்லி விடைபெறும். அவ்வளவே! ஒரு நயமான ஏற்பாடு இதில் இருக்கின்றது. விடைபெறும் சொல் வந்து சேர்ந்த பின்னரே சேவையகம் மடல்களை அழிக்கும். இடையில் மின்சாரம் நின்றாலும், தொடர்பு அறுந்தாலும், ஒன்றும் அழியாது. மறுமுறை எல்லாவற்றையும் மீண்டும் பெறலாம். மின்தடை அறியாத நாட்டார் வகுத்ததாயினும் நம் ஊருக்கென்றே எண்ணி வகுத்தது போல அஃது அமைந்துவிட்டது.

பாப் தோன்றிய காலத்தில் சேவையகத்தில் இடம் அருமை. தொடர்பு நேரம் அதனினும் அருமை. நம் நாட்டில் 1986இல் தொடங்கிய 'எர்நெட்' என்னும் வலையமைப்பு, கல்வி நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சிக்கூடங்களுக்குமே மின்னஞ்சலைக் கொண்டுவந்தது. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள்தான் பொதுமக்களுக்கு இணையத் தொடர்பு கிடைக்கலாயிற்று. அப்பொழுது தொலைபேசிக் கம்பி வழியாகவே இணையத்தை அடைய வேண்டும். இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு மணிக்கும் பணம். ஆகவே விரைந்து சென்று, மடல்களை அள்ளிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு, நிதானமாக அமர்ந்து படிப்பதே அறிவுடைமையாக இருந்தது. ஒரு வீட்டில் ஒரு கணினி இருப்பதே வியப்பாக இருந்த அந்நாளில், 'இம்மடலை இன்னொரு கணினியில் எவ்வாறு படிப்பது?' என்ற கேள்வி எழவே இல்லை.

அக்கேள்வி முன்னதாகவே எழுந்த இடமும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் பலர் பல கணினிகளில் மாறி மாறி அமர்ந்து வேலை செய்தனர். அவர்களுக்கென 1986ஆம் ஆண்டு மார்க் கிறிஸ்பின் என்பவர் அமைத்த நெறிமுறையே ஐமேப். 1994இல் அதன் நான்காம் வடிவமும், 2003இல் அதன் திருத்தமும், 2021இல் அத்திருத்தத்தின் மறுதிருத்தமும் வெளிவந்தன. கிறிஸ்பின் 2012இல் மறைந்தார். 2019இல் வரையறுக்கப்பட்ட 'ஜேமேப்' என்னும் புதிய நெறிமுறை ஒன்றும் இருக்கின்றது. ஆனால் கடைத்தெருவில் கிடைக்கும் அஞ்சல் மென்பொருள்களில் மிகப் பலவும் அறிந்திருப்பவை பாப்பும் ஐமேப்புமே.

ஐமேப் முறையில் மூல மடல் சேவையகத்திலேயே தங்குகின்றது. கணினியும் கைப்பேசியும் அதனைச் சென்று பார்க்கின்றன. மடல் படிக்கப்பட்டதா, விடை எழுதப்பட்டதா, முக்கியமானது என்று குறிக்கப்பட்டதா என்னும் அடையாளங்களும் சேவையகத்திலேயே பதிகின்றன. மடல்களைக் கோப்புறைகளாக வகுத்து அடுக்கினால் அந்த அடுக்கும் அங்கேயே நிற்கின்றது. அனுப்பிய மடலின் படியையும் அங்கேயே வைக்கலாம். பாப்பில் இந்த வசதி இல்லை. எழுத்தர் தம் கணினியிலிருந்து அனுப்பிய விடை அவர் கணினியில் மட்டுமே இருக்கும். புதுச்சேரியில் உள்ள தம்பி, 'அந்த ஆணைக்கு நாம் என்ன விலை சொன்னோம்?' என்று அறிய வேண்டுமானால், தொலைபேசியில் கூப்பிட்டு எழுத்தரைக் கேட்க வேண்டும். எழுத்தர் அன்று விடுப்பில் இருந்தால் அதுவும் இல்லை.

பெரிய இணைப்புக்களோடு வரும் மடல்களைக் கையாள்வதிலும் ஐமேப்பிற்குத் தனிச்சிறப்பு உண்டு. படமோ ஆவணமோ மின்மடலில் இணைந்து வரும்போது, அது அஞ்சலில் செல்லத்தக்க எழுத்துக்களாக மாற்றப்படுகின்றது. அம்மாற்றத்தால் அதன் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருகிவிடும். 15 மெகாபைட்டு ஆவணம் 20 மெகாபைட்டாகி வரும். செஞ்சிக் கமிட்டியில் மூட்டைகளுக்கு நடுவே நிற்பவர், அதனை முழுதும் இறக்கிக்கொள்ள வேண்டுவதில்லை. யார் எழுதியது, எதைப் பற்றியது என்னும் தலைப்பை மட்டும் ஐமேப் முதலில் தரும். மடலின் உரையை மட்டும் தனியே கேட்டாலும் தரும். இணைப்பைக் கடைக்குத் திரும்பிய பின் பார்த்துக்கொள்ளலாம். பாப்பிலும் மடலின் தலைப்பகுதியை மட்டும் பார்க்க ஒரு வழி உண்டு; ஆயினும் மடலைப் பகுதி பகுதியாகப் பெறும் வழி அதற்கு இல்லை.

'பாப்பிலும் மடலைச் சேவையகத்தில் விட்டு வைக்கலாமே!' என்று சிலர் கூறுவர். உண்மைதான். 'அழித்துவிடு' என்னும் கட்டளையைச் சொல்லாமல் விடும்படி மென்பொருளுக்கு ஆணையிடலாம். ஒவ்வொரு மடலுக்கும் சேவையகம் ஒரு தனி எண் தருவதால், ஒரே மடலை இருமுறை இறக்காமலும் காக்கலாம். ஆயினும் இஃது அரைகுறையான தீர்வே. ஐந்து பேரும் ஐந்து படிகளை எடுத்துச் செல்வர். யார் எதற்கு விடை எழுதினார் என்பது எவர்க்கும் தெரியாது. ஒரே ஆணைக்கு முதலாளி ஒரு விலையும் தம்பி வேறு விலையும் எழுதி அனுப்பினால், வாங்குபவர் எந்த விலையைப் பிடித்துக்கொள்வார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? மேலும், பாப்பில் ஒருவர் பெட்டியைத் திறந்திருக்கும்போது மற்றவர்க்கு அது பூட்டப்பட்டிருக்கும். ஐவர் ஒரு பெட்டியைப் பங்கிட்டுக்கொள்ள அது வகுக்கப்படவே இல்லை.

இதுவரை கூறியவை வசதியைப் பற்றியவை. இழப்பைப் பற்றியும் எண்ண வேண்டும்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு 'ஃபெஞ்சல்' என்னும் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. கடந்த பின்னும் அது விரைந்து நகராமல் அங்கேயே நின்று பொழிந்தது. டிசம்பர் முதல் நாள் காலையோடு முடிந்த ஒரு நாளில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. புதுச்சேரியிலும் அதற்குச் சிறிதே குறைந்த அளவு. ஏரிகள் நிரம்பி வழிந்தன, தென்பெண்ணை பெருக்கெடுத்தது, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையில் பாலத்தை வெள்ளம் நெருங்கியதால் டிசம்பர் 2ஆம் நாள் சென்னைக்கும் விழுப்புரத்திற்கும் இடையே புகைவண்டிகள் நின்றன. தாழ்ந்த இடங்களில் வீடுகளிலும் கடைகளிலும் நீர் புகுந்தது.

பாப் முறையில் பத்தாண்டு மடல்களைக் கணக்கரின் மேசைக்கு அடியில் இருக்கும் ஒரே கணினியில் இறக்கி வைத்திருந்த கடையை இப்பொழுது நினைத்துப் பாருங்கள். முழங்கால் அளவு நீர் போதும். பொருள் நனைந்தால் வேறு வாங்கலாம். யார் எவ்வளவு தர வேண்டும், எந்த நாளில் என்ன விலைக்கு ஒப்புக்கொண்டார் என்பதற்கான சான்று நனைந்தால் எங்கே வாங்குவது? பொருள் மற்றும் சேவை வரிச் சட்டப்படி, கணக்குகளையும் அவற்றிற்கான ஆவணங்களையும் ஆண்டறிக்கை அளிக்க வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் காத்து வைத்தல் வேண்டும். பட்டியல்கள் மின்னஞ்சலிலேயே வரும் இக்காலத்தில், மடலை இழப்பது வாணிகர்க்குப் பெருந்தொல்லையாக முடியலாம்.

ஐமேப்பைத் தேர்ந்துகொண்டால் இத்துன்பம் நீங்கிவிடுமா? பலர் ஆம் என்றே எண்ணுகின்றனர். இங்கே சற்று நின்று ஆராய்தல் நன்று. மூலம் சேவையகத்தில் இருக்கும் என்றோம். அச்சேவையகம் எங்கே இருக்கின்றது? அதுவும் அதே கடையில், அதே மேசைக்கு அடியில் இருந்தால், நெறிமுறை எதுவாயினும் வெள்ளம் ஒன்றே. சேவையகம் கடைக்கு வெளியே, பாதுகாப்பான இடத்தில் இருந்தாலும், பிறிதோர் இடர் உண்டு. ஐமேப்பில் அனைவரும் காண்பது ஒரே மூலம் ஆகையால், ஒருவர் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் அஃது அனைவர்க்கும் அழிந்துபோகும். அழிக்கப்பட்ட மடல் முதலில் 'அழிந்தது' என்னும் அடையாளம் மட்டும் பெறும். பின்னர்த் துடைக்கும் கட்டளை வந்ததும் மறையும். அந்த இடைவெளியில் மீட்கலாம். அதன் பின் இயலாது. பாப்பில் தம்பியின் கணினியில் ஒரு படியேனும் எஞ்சியிருக்கும்! ஆதலால், ஐமேப்பைக் காப்புப்படி என்று கருதுவது பிழையான எண்ணம். மடலை ஒன்றாக வைத்திருப்பது ஐமேப்பின் வேலை. காப்பது நம் வேலை.

காப்புப்படி எங்கே இருக்க வேண்டும்? திண்டிவனத்துச் சேவையகத்தின் படியைப் புதுச்சேரிக் கடையில் வைக்கலாம் என்று முதலில் தோன்றும். இரண்டு ஊர்களும் ஒரே இரவில் ஒரே மேகத்தின் கீழ் நனைந்ததை மேலே கண்டோம். சென்னையும் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் தவித்த ஊரே. படியை இந்தக் கடற்கரை மழை எட்டாத கோயம்புத்தூர், பெங்களூர் போன்ற தொலைவிடத்தில் வைப்பதே தக்கது. நாள்தோறும் இரவில் அதனைத் தானே எடுக்கும்படி சேவையகத்திற்குச் சொல்லிவிடலாம்.

இடம் போதுமா என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஐவர்க்கும் நாளொன்றுக்கு நாற்பது மடல்கள். ஒரு மடல் சராசரி 100 கிலோபைட்டு என்று கொண்டால், நாள் ஒன்றுக்கு 20 மெகாபைட்டு ஆகின்றது. ஆண்டிற்கு முந்நூறு வேலை நாட்கள் எனின், 6 கிகாபைட்டு. பத்தாண்டிற்கு 60 கிகாபைட்டு. பெரிய இணைப்புக்கள் மிகுந்தால் இதனை இருமடங்காக்கிக்கொள்ளலாம். இருமடங்காகிய 120 கிகாபைட்டும் ஒரு கைப்பேசியில் அடங்கும் அளவே. இடம் இல்லை என்பது 1984இல் வலுவான காரணம். இன்று அதற்கு அவ்வலிமை இல்லை. மடல் எண்ணிக்கையைவிடத் தேடுதலே சேவையகத்திற்குச் சுமை. ஐமேப்பில் 'சென்ற ஆடி மாதத்தில் எள் பற்றி வந்தவற்றை எல்லாம் காட்டு' என்று கேட்டால், தேடும் உழைப்பைச் சேவையகமே செய்யும். ஆகவே வேகமான வட்டும் போதிய நினைவகமும் உள்ள கணினியாகப் பார்த்துக் கொள்ளுதல் வேண்டும்.

ஐமேப்பைப் பின்பற்றும் கடைகளில் ஒரு சிறு குழப்பம் அடிக்கடி நேர்கின்றது. ஆணைகள் வரும் பொதுப்பெட்டியை முதலாளி காலையில் கைப்பேசியில் ஒருமுறை பார்க்கின்றார். மடல்கள் எல்லாம் 'படிக்கப்பட்டவை' என்று குறிக்கப்படுகின்றன. பத்து மணிக்கு வரும் எழுத்தர், புதிய மடல் ஒன்றும் இல்லை என்று எண்ணி வாளாவிருக்கின்றார். சரக்கு வெளியேறுவதில்லை. நெறிமுறையைக் குறை கூறிப் பயன் இல்லை. கடை தனக்கென ஒரு வழக்கத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். 'வந்தவை', 'அனுப்ப வேண்டியவை', 'முடிந்தவை' என்று மூன்று கோப்புறைகள் வைத்து, வேலை முடிந்ததும் மடலை அடுத்ததற்கு நகர்த்தினால் போதும். படித்தாரா என்பதைக் கொண்டு ஒன்றையும் முடிவு செய்தல் ஆகாது.

இவ்வளவு கூறியதால் பாப் பயனற்றது என்று எண்ணிவிட வேண்டா. தனி ஒருவராக ஒரே கணினியில் வேலை செய்யும் தட்டச்சு நிலையத்தாருக்கும் கணக்குத் தணிக்கையாளருக்கும் அது போதும். பிறர் சேவையகத்தில் தம் மடல் ஒரு நாளேனும் தங்கக் கூடாது என்று கருதுவோர்க்கும் அதுவே ஏற்றது. நம் வாணிகருக்கும் அது ஒரு வகையில் உதவும். தொலைவிடத்தில் ஒரு கணினியை அமர்த்தி, வரும் மடல் ஒவ்வொன்றின் படியையும் ஒரு தனிப்பெட்டியில் விழச் செய்து, அக்கணினி அப்பெட்டியைப் பாப் வழியாக நாள்தோறும் காலி செய்து கொண்டு போகும்படி அமைக்கலாம். அங்குச் சேர்ந்த படியைக் கடையில் உள்ள எவரும் தவறுதலாக அழித்தல் இயலாது. பின்லாந்து நாட்டைச் சேர்ந்த டிமோ சிரைனன் என்பவர் 2002இல் வெளியிட்ட 'டவ்காட்' போன்ற இலவச மென்பொருள்கள் இரண்டு நெறிமுறைகளையும் ஒரே சேவையகத்தில் ஒருங்கே நடத்தவல்லவை. ஒன்றைக் கொண்டால் மற்றதைக் கைவிட வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

வாயில்களைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வொரு நெறிமுறையும் சேவையகத்தில் எண்ணிட்ட ஒரு வாயில் வழியாக நுழைகின்றது. பாப்பிற்கு 110, ஐமேப்பிற்கு 143. இவை பழைய வாயில்கள். இவற்றின் வழியே மறையாக்கம் ஏதும் செய்யாமல் நுழைந்தால், கடவுச்சொல் அஞ்சலட்டையில் எழுதிய செய்தி போல வழியில் உள்ளோர் படிக்கத்தக்கதாகச் செல்லும். தேநீர்க் கடையின் பொது இணைப்பில் அமர்ந்து மடல் பார்ப்பவர் இதனை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். தொடக்கத்திலிருந்தே மறையாக்கம் செய்து நுழையும் வாயில்கள் வேறு. பாப்பிற்கு 995, ஐமேப்பிற்கு 993. இனி இவற்றையே கொள்ளுதல் வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஆவணம் அறிவுறுத்தியது. நம் சேவையகத்தில் 993ஐ ஐவருக்கும், 995ஐக் காப்புக் கணினி ஒன்றுக்கு மட்டும் திறந்து வைத்து, பழைய இரண்டையும் அடைத்துவிடலாம்.

முன்னரே பாப் முறையில் பல்லாண்டு பழகிய கடை, ஐமேப்பிற்கு மாறுவது எப்படி? பழைய மடல்கள் எல்லாம் கணக்கரின் கணினியில் கிடக்கின்றன. முதலில் அவற்றைப் படியெடுத்து வேறு வட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, அதே மென்பொருளில் பழைய கணக்கின் பக்கத்திலேயே ஐமேப் கணக்கு ஒன்றைத் திறக்க வேண்டும். பின்னர், ஆண்டுவாரியாகக் கோப்புறைகளை அமைத்துப் பழைய மடல்களைப் பிரதி செய்து சேவையகத்தில் ஏற்ற வேண்டும். பத்தாண்டு மடல்கள் ஏறுவதற்கு ஓர் இரவு போதாமலும் போகலாம். கடை மூடிய பின் சனிக்கிழமை மாலையில் தொடங்குவது நலம். ஏறியபின் ஒவ்வோர் ஆண்டிற்கும் கணினியில் எத்தனை, சேவையகத்தில் எத்தனை என்று எண்ணி ஒப்பிட்டுப் பார்த்து, எண்ணிக்கை ஒத்த ஆண்டுகளை மட்டும் பழைய கணக்கிலிருந்து நீக்கலாம். ஒவ்வாத ஆண்டை அடுத்த சனிக்கிழமை மீண்டும் ஏற்ற வேண்டும்.